இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு மாப்பிள்ளை

நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். வேலைக்குப் பிந்திப் போனால் கரையோர ரயிலைச் சாட்டுவேன். சாப்பிட மனமில்லாத வீடுகளில் வெள்ளிக்கிழமை விரதம் என்பேன், அன்றைக்குப் புதன்கிழமையாக இருந்தாலும். அந்தப் பொய்கள் எதுவும் என்னைக் கவிழ்த்ததில்லை. என்னைக் கவிழ்த்தது நான் சொல்லாத ஒரு பொய். அதைச் சொன்னது என் அக்கா. அதுவும் எழுத்தில், நல்ல தமிழில், தரகரிடம் கொடுக்க ஆறு பிரதி எடுத்து.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில். நான் வெள்ளவத்தையில், கால்வாய்க்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில் அக்காவோடு இருந்தேன். அத்தான் டுபாயில் வேலை. அக்கா வீட்டு ஹோலில் தமிழ் டியூஷன் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கியபோது பயோடேட்டா எழுதும் பொறுப்பும் அவளுக்கே போனது. உயரம், நிறம், நட்சத்திரம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. பொழுதுபோக்கு என்ற இடத்தில் பேனா நின்றது.

"என்ன எழுதுறது?" என்று கேட்டாள்.

"கிரிக்கெட் பாக்கிறது. நித்திரை கொள்ளுறது."

"இதை எழுதினால் பொம்பிளை வீட்டார் உனக்கு ஏதோ வருத்தமெண்டு நினைப்பினம்" என்றாள்.

பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அங்கே கால்வாய் இருந்தது. பேனா ஓடியது: 'கொழும்பு மாநகரின் வரலாற்றுச் சிறப்புமிக்க கால்வாய்களை நடந்தும் படகிலும் சென்று ஆராய்தல்.' (எங்கள் ஜன்னல் மறுபக்கம் பார்த்திருந்தால் நான் கடலில் நீந்தும் வீரனாகியிருப்பேன். எனக்கு நீந்தத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

எனக்கும் அந்தக் கால்வாய்க்கும் இருந்த உறவு மிகவும் சுருக்கமானது. பாலத்தைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். சாப்பிடும் நேரம் பின்பக்க ஜன்னலைச் சாத்துவேன். அதன் வரலாறு எனக்குத் தெரியாது, வாசம் தெரியும்.

ஏற்கெனவே மூன்று சம்பந்தம் குழம்பிப்போயிருந்தது. நாலாவதாகக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு படம் வந்தது. பெயர் தாரணி. படத்தில் அவள் கமராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை வாங்கிய ஆள் யாரென்று ஒரு கிழமையாகப் பொறாமைப்பட்டேன். முதல் மூன்றும் குழம்பியபோது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இது குழம்பக்கூடாது என்று மனதுக்குள் நேர்த்தியே வைத்துவிட்டேன்.

தரகர் போன் எடுத்தார். "சாதகம் பொருந்துது தம்பி. ஆனால் அவைக்குப் பிடிச்சது அதில்லை. பொழுதுபோக்குத்தான். பிள்ளைக்கு அந்தக் கால்வாயளைப் பாக்க விருப்பமாம். ஞாயிற்றுக்கிழமை வரட்டாம்."

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முறைப்படி பெண் பார்ப்பதற்கு முன் இரண்டு குடும்பமும் கோயிலில் 'தற்செயலாக'ச் சந்தித்துக்கொள்ளும். தற்செயலாகப் பட்டுச் சேலை உடுத்தி, தற்செயலாக ஒரே நேரத்தில், ஒரே தூணுக்குப் பக்கத்தில். என்னுடைய தற்செயல் மட்டும் கால்வாய்க் கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு கிழமை முழுவதும் கைபேசியில் கால்வாய் படித்தேன். யார் எப்போது வெட்டினார்கள், எது எங்கே போய்ச் சேருகிறது என்று பாடமாக்கினேன். அலுவலக நண்பன் ஒருவன் மூலம் இயந்திரப் படகு வைத்திருக்கும் சுனில் என்ற சிங்களவரைப் பிடித்தேன். திட்டம் இதுதான். மூன்று மணிக்கு காலி வீதிப் பாலத்தில் சந்தித்து, கரையோரமாக உள்பக்கம் நடந்து, நான்கு மணிக்கு ஒரு படித்துறையில் சுனிலின் படகில் ஏறித் திரும்பி வருவது. எனக்குத் தெரிந்து உலகத்தில் இதைவிட எளிய திட்டம் இருக்க முடியாது.

ஞாயிறு அக்காவுக்கு வகுப்பு இருந்தபடியால் நான் தனியாகப் போனேன். மூன்று மணிக்குக் கொட்டாஞ்சேனை ஓட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியவர் தாரணியின் மாமி, அதாவது தகப்பனின் அக்கா. மாம்பழ நிறப் பட்டுச் சேலை. ஒரு கையில் சாப்பாட்டுக் கூடை, மறுகையில் கைப்பை, அந்தக் கைப்பைக்குள் பஞ்சாங்கம். அடுத்தது தகப்பன். துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கதைப்பதை மட்டும் ஓய்வுக்கு முதலே நிறுத்திவிட்டவர் போலிருந்தார். கடைசியாகத் தாரணி. பருத்திச் சல்வார், கன்வஸ் சப்பாத்து. எங்கள் நாலு பேரில் நடக்கவென்று உடுத்தி வந்தவள் அவள் ஒருத்திதான். நான் முழுக்கைச் சட்டையும் மினுக்கிய தோல் சப்பாத்தும் போட்டு, வங்கியில் கடன் கேட்கப் போகிறவன் போல நின்றேன்.

"இது ஒல்லாந்தர் வெட்டின கால்வாய்" என்று தொடங்கினேன்.

"இந்தப் பக்கத்துக் கால்வாய் இங்கிலீசுக்காரர் காலத்ததெண்டெல்லோ சொல்லுறவை" என்றாள் தாரணி. "ஒல்லாந்தர் வெட்டினது எங்கட பக்கம். சென் செபஸ்தியான் கால்வாய்."

"ஓம். ஒல்லாந்தர் யோசிச்சவை, இங்கிலீசுக்காரர் வெட்டினவை" என்றேன். (இந்த வசனம் என் வாயிலிருந்துதான் வந்தது. மறுக்க வழியில்லை, மூன்று பேர் கேட்டார்கள்.)

"அப்பிடியோ" என்றார் தகப்பன்.

கரையில் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றது. அது சைபீரியாவிலிருந்து பறந்து வந்த பறவை என்றேன். "எங்கட வீட்டுத் தண்ணித் தாங்கியிலயும் ஒண்டு நிக்கும்" என்றார் அவர். பிறகு மாப்பிள்ளையை மறுத்துவிட்டோமோ என்று பயந்து, "அதுவும் சைபீரியாவாத்தான் இருக்கும்" என்று சேர்த்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் எப்போதும் இப்படித்தான். மாப்பிள்ளையாக வரக்கூடியவன் என்ன உளறினாலும் முகத்துக்கு நேரே பிழை சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குப் போய்த் தரகர் மூலம் சொல்வார்கள். அன்றைக்கு என்னைக் கவிழ்த்ததில் அக்காவுக்குப் பாதிப் பங்கு என்றால் மிச்சம் இந்த மரியாதைக்கு.

கரையோரப் பாதை ஒரு மதிலில் போய் முட்டியது. நான் படித்த எதிலும் அந்த மதில் இருக்கவில்லை. "ஒரு குறுக்கு வழி இருக்கு" என்று சொல்லி, கொடியில் துணி காயும் ஒழுங்கைகளுக்குள்ளால் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு நாய்களும் எங்களோடு சேர்ந்துகொண்டன. மாமி சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சரித்திரமெண்டால் இப்பிடித்தான் கஷ்டப்பட வேணும்" என்றார். குறுக்கு வழியில் அரை மணித்தியாலம் கூடப் போயிற்று. படித்துறைக்கு வந்து சேர நாலு இருபது.

மாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"தம்பி, நாலரைக்கு ராகு காலம் துவங்குது. ஆறு மணி மட்டும் கிடக்கு. அதுக்கு முன்னம் புறப்பட்டிட வேணும்."

மாமியின் ராகு கால நடைமுறையைப் பிறகு நான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். கெட்ட நேரத்தில் பயணம் போக வேண்டி வந்தால், நல்ல நேரத்திலேயே பெட்டியைத் தூக்கிப் போய் அயல் வீட்டில் வைத்துவிடுவார். பெட்டி படி தாண்டினால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. ஒருமுறை யாழ்ப்பாண பஸ்ஸுக்கு இப்படிப் பெட்டியை வைத்து, அயல் வீட்டார் பூட்டிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போய்விட, பெட்டி இல்லாமலே யாழ்ப்பாணம் போய் வந்தவர்.

சுனிலுக்குப் போன் எடுத்தேன். "மே எனவா, மாத்தயா" என்றார். (சிங்களத்தில் இதோ வந்துகொண்டிருக்கிறேன் என்று பொருள். கொழும்பில் அதைக் கேட்டால் ஆள் இன்னும் வீட்டால் வெளிக்கிடவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.)

படித்துறையில் ஒரேயொரு படகு கட்டியிருந்தது. நீளமான, தட்டையான தகரப் படகு. நடுவில் ஏதோ குவித்து, மேலே நீலப் பிளாஸ்டிக் படங்கு போர்த்தியிருந்தது. ஆட்கள் இருக்க வசதியாகச் சுனில் ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. ஆனால் ஆராய்ச்சியாளன் எப்படிக் கேட்பது?

"இதுதான் எங்கட படகு" என்றேன்.

"இதுவோ?" என்றாள் தாரணி.

"ஓம். அந்தக் காலத்து அமைப்பு."

தகப்பன் படகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் படகைப் பார்த்தார். "அப்பிடியோ" என்றார்.

ஏறினோம். மாமி படங்கின் மேல் அமர்ந்து, "மெத்தை மாதிரி இருக்கு தம்பி, நல்லா யோசிச்சுச் செய்திருக்கிறியள்" என்றார். நேரம் நாலு இருபத்தேழு.

"ஏறி இருந்தால் மட்டும் காணாது. புறப்பட்டதா இருக்க வேணும். கொஞ்சம் தள்ளி விடுங்கோ, ஓட்டுறவர் பிறகு வரட்டும்."

அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தவன் போல எழும்பினேன். கயிற்றை அவிழ்த்துக் கரையில் எறிந்தேன். படகில் கிடந்த, பற்கள் வைத்த நீளப்பிடி வாரியை எடுத்துக் கரையோரச் சேற்றில் ஊன்றி ஒரு தள்ளுத் தள்ளினேன். படகு நகர்ந்தது. வாரி நகரவில்லை, சேற்றிலேயே நின்றது. நான் இரண்டில் ஒன்றை விட வேண்டியிருந்தது. வாரியை விட்டேன்.

"நாலு இருபத்தொன்பது" என்று கண்ணை மூடிக் கும்பிட்டார் மாமி. "முருகா, நல்ல நேரத்தில புறப்பட்டாச்சு."

அன்று காலையில் நல்ல மழை பெய்திருந்தது. கால்வாய் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உற்சாகமாகக் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நாங்களும் அதோடு போனோம். துடுப்பு இல்லை, இயந்திரம் இல்லை, கயிறு கரையில். "ஓட்டத்தோட போறதுதான் பழைய முறை" என்றேன். குரல் எனக்கே நம்பிக்கை தரவில்லை.

போன் அடித்தது. சுனில். தன் படகு இன்னும் பாலத்தடியில்தான் நிற்கிறது, நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று கேட்டார். படகில்தான் இருக்கிறோம் என்றேன். எந்தப் படகில்? தகரப் படகு, நீலப் படங்கு. மறுமுனையில் அவர் யாரையோ கூப்பிட்டு விசாரிப்பது கேட்டது. பிறகு, "ஏக்க அபே போட்டுவ நெமெய், மாத்தயா" என்றார். அது எங்கட படகில்லை. அது கால்வாயில் சல்பீனியா என்ற நீர்க்களையும் குப்பையும் வாரி ஏற்றுகிற படகு. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாதபடியால் சனிக்கிழமைக் குப்பையோடு கட்டி விட்டிருக்கிறார்கள்.

நான் மாமியைப் பார்த்தேன். மாம்பழ நிறப் பட்டு, சனிக்கிழமைக் குப்பையின் மேல் நிம்மதியாக வீற்றிருந்தது.

"என்னவாம்?" என்று கேட்டார்.

"வாறாராம்" என்றேன்.

அப்போதுதான் படங்கு அசைந்தது. மாமியின் காலுக்குப் பக்கத்தில் ஒரு நுனி மெல்லத் தூக்கியது. அதற்குள்ளிருந்து ஒரு தலை வந்தது. தலைக்குப் பின்னால் கழுத்து வந்தது. கழுத்து முடியும் முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், முடியவில்லை. கபரகொயா. கொழும்புக் கால்வாய்களில் வசிக்கும், முதலைக்கு ஒன்றுவிட்ட தம்பி முறையான பெரிய உடும்பு. குப்பைக்குள் நல்ல நித்திரையில் இருந்திருக்கிறது. என்னைப் போலத்தான், அதற்கும் அது ஞாயிற்றுக்கிழமை.

தகப்பன் காலை மேலே தூக்கிக்கொண்டார். தாரணி ஒதுங்கி வழி விட்டாள். மாமி, "அது தன்ட பாட்டில போகுது, பேசாமல் இருங்கோ" என்றார். அவர் சொன்னது சரி. அது தன் பாட்டில் போய்த் தண்ணீருக்குள் இறங்கியது. அதற்கு ஒரு விநாடி முன்னரே நான் இறங்கிவிட்டேன், மறுபக்கத்தால், முதுகு முன்னால்.

நான் மூழ்கினேன். மூக்கு வாய் எல்லாம் கால்வாய். ஒரு கிழமையாகப் படித்த வரலாறு முழுவதும் என் தொண்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. கையை அடித்தேன், காலை அடித்தேன், அக்காவைக் கூப்பிட்டேன். இருபத்தொன்பது வயதில், கலியாணம் ஆகாமல், குப்பைப் படகுக்குப் பக்கத்தில் சாகப் போகிறேன் என்று உண்மையாகவே நம்பினேன்.

"எழும்பி நில்லுங்கோ" என்று ஒரு குரல் கேட்டது. தாரணி.

"எனக்கு நீந்தத் தெரியாது" என்று தண்ணீருக்குள்ளிருந்து கத்தினேன்.

"நீந்த வேண்டாம். எழும்பி நில்லுங்கோ."

எழும்பி நின்றேன். தண்ணீர் இடுப்பளவு.

அந்த நிமிஷத்தை நான் எப்படி எழுதினாலும் குறையத்தான் எழுதுவேன். தலையில் சல்பீனியா. சட்டைப் பையிலிருந்த போன் இறந்துவிட்டது. ஒரு சப்பாத்து சேற்றுக்குள். படகு மூன்று பேரோடு என்னை விட்டுப் போகப் பார்த்தது. எட்டிப் பிடித்து, காலைச் சேற்றில் ஊன்றி, பக்கத்திலிருந்த ஒரு படித்துறையோடு அணைத்து நிறுத்தினேன். அதன் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

வெள்ளவத்தையில் எத்தனையோ ஃபிளாட்டுகள் இருக்கின்றன. ஓட்டம் எங்களை எங்கள் ஃபிளாட்டின் பின்பக்கத்துக்கே கொண்டுவந்து சேர்த்திருந்தது. மூன்றாம் மாடிப் பல்கனியில் அக்காவின் டியூஷன் வகுப்பு முழுவதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. மற்ற மாடிகளில் சனம். இரண்டாம் மாடியிலிருந்து ஒருவர், "என்ன தம்பி, தெப்பத் திருவிழாவோ?" என்று விசாரித்தார்.

அக்காவின் தலை தெரிந்தது. "டேய் சுதன், என்னடா செய்யிறாய் அங்க?"

என்ன சொல்வது? மேலே அக்கா, பக்கத்தில் பெண் வீட்டார், எழுதிக் கொடுத்தது ஆறு பிரதி.

"ஆராய்ச்சி, அக்கா" என்றேன்.

கரையோரமாக ஓடி வந்த சுனில், எல்லோரும் இந்தப் படியால் இறங்கட்டும், பாலத்தடிக்கு நடந்து போய்த் தன் படகில் ஏறலாம் என்றார். நல்ல யோசனை. அதைத் தமிழில் மாமிக்குச் சொன்னேன்.

"இறங்கேலாது தம்பி" என்றார். "நாங்கள் நல்ல நேரத்தில புறப்பட்டனாங்கள். இப்ப இறங்கினால் அந்தப் பயணம் முடிஞ்சுது. மற்றப் படகில ஏறினால் அது ராகு காலத்தில புறப்பட்ட புதுப் பயணம். வேற விஷயமெண்டால் பாக்கலாம். இது கலியாண விஷயம். ஆறு மணி மட்டும் நான் அசையன்."

தகப்பனைப் பார்த்தேன். "அக்கா சொன்னால் சொன்னதுதான்" என்றார், மாமியைக் காட்டி. பிறகு அன்றைக்கு முதல்முறையாக மனம் திறந்தார். "தம்பி, கயிறு அவிழ்க்கேக்க கரைப் பக்கத்து முடிச்சை அவிழ்க்க வேணும். நீங்கள் படகுப் பக்கத்தை அவிழ்த்துக் கயிறைக் கரையில விட்டிட்டியள்."

"தெரிஞ்சால் அப்பவே சொல்லியிருக்கலாமே அங்கிள்."

"நீங்கள் ஆராய்ச்சி செய்யிற ஆள். ஏதோ காரணமிருக்குமெண்டு நினைச்சன்."

கயிறு இல்லாத படகை யாராவது பிடிக்க வேண்டும். அதனால் நேரம் நாலு ஐம்பதிலிருந்து நான் நங்கூரமானேன். சுனில் படியில் குந்திக் கடலை கொறிக்கத் தொடங்கினார். மாமி கூடையைத் திறந்தார். வடை, சூசியம், பிளாஸ்கில் தேத்தண்ணி. "மாப்பிள்ளைக்கு முதல் குடு" என்றார். என் இரண்டு கையும் படகில். தகப்பன் குனிந்து வடையை என் வாயில் வைத்தார். எங்கள் குடும்பத்தில் பெண் வீட்டார் கையால் முதல் விருந்து சாப்பிட்ட மாப்பிள்ளைகள் பலர். கால்வாய்க்குள் நின்று சாப்பிட்டவன் நான் மட்டும்.

தாரணி என் பக்கத்து விளிம்புக்கு வந்து இருந்தாள்.

"இண்டைக்கு நீங்கள் சொன்னதில ஏதாவது உண்மையோ?"

இதற்கு மேலும் கெட்டுப்போக என்ன இருக்கிறது? "இதில தண்ணி ஓடுறது உண்மை" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா, ஜன்னல், பேனா, நித்திரை, சாத்தின ஜன்னல், படம். (படத்தைப் பற்றியும் சொன்னேன். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பவனுக்கு வெட்கம் குறைவு.) சொல்லச் சொல்ல, நாலாவதும் போய்விட்டது என்று எனக்கே விளங்கிக்கொண்டு வந்தது. அழுகை வந்தது. முகம் முழுவதும் ஏற்கெனவே ஈரமாக இருந்தபடியால் தெரிந்திருக்காது.

"இது குப்பைப் படகெண்டு எனக்கு ஏறேக்கயே தெரியும்" என்றாள். "நான் வேலை செய்யிற இடத்தில வடிகால்களுக்குத்தான் வரைபடம் கீறுறனாங்கள்."

"பிறகேன் சொல்லேல்ல?"

"நீங்கள் கேக்கேல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் நன்றாகச் சுட்டது. மூன்று மணியிலிருந்து நான் அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒல்லாந்தரைப் பற்றி அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. நான் கதைத்துக்கொண்டே நடந்தேன்.

"உங்களுக்கு ஏன் கால்வாய் பிடிக்கும்?" என்று கேட்டேன். என் முதல் கேள்வி.

அவள் சொல்லத் தொடங்கினாள். சின்ன வயதில் மழைக்காலத்தில் அவர்கள் ஒழுங்கைக்குள் வெள்ளம் வருமாம். சுவரில் பென்சிலால் கோடு கீறி, வெள்ளம் எந்தக் கோட்டில் நிற்கிறதென்று பார்ப்பாளாம். இந்தத் தண்ணி எங்கே போகப் பார்த்து முடியாமல் எங்கள் வீட்டுக்கு வந்தது என்று தகப்பனைக் கேட்பாளாம். அவருக்குப் பதில் தெரியாமல், மழை விட்ட பிறகு கையைப் பிடித்துச் சென் செபஸ்தியான் கால்வாய்க் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாராம். மதகுகள், அடைபட்ட வாய்கள், தண்ணீர் ஏறும் இடம், இறங்கும் இடம் எல்லாம் சொன்னாள். என் வீட்டு ஜன்னலுக்குக் கீழே ஓடுகிற ஒன்றைப் பற்றி முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கால் விறைத்தது. ஏதோ ஒன்று என் முழங்காலை உரசிக்கொண்டு போனது. ஆனாலும் அவள் நிறுத்தக்கூடாது என்றிருந்தது. படத்தில் பார்த்தபோது வந்தது ஆசை. இப்போது வந்தது வேறு.

இதற்கிடையில் அக்கா வகுப்பை அரைவாசியில் விட்டுவிட்டுக் கீழே ஓடி வந்தாள். கையில் எங்கள் வீட்டுக் கொடிக் கயிறு. துணிக் கவ்விகள் கூடக் கழற்றவில்லை.

"இந்தா, இதால கட்டிப்போட்டு வெளியால வா. ஊரே பாக்குது."

கயிறு படியில் வந்து விழுந்தது. கைக்கெட்டும் தூரம். நேரம் ஐந்து இருபது. தாரணி வெள்ளம் மூன்றாவது கோட்டைத் தாண்டிய வருஷத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கயிற்றைக் கண்டதும் கதையை நிறுத்தினாள்.

"வேண்டாம் அக்கா" என்றேன். "நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

"உனக்கு மூளை கலங்கிட்டுதோ?"

"நீ போய் வகுப்பை எடு அக்கா." தாரணியிடம் திரும்பினேன். "மூண்டாவது கோட்டைத் தாண்டினாப் பிறகு?"

அவள் சிரித்தாள். படத்தில் இருந்த அதே சிரிப்பு. இந்தமுறை என்னைப் பார்த்து.

ஆறு மணி ஒரு நிமிஷத்துக்கு மாமி சேலையைத் தட்டிக்கொண்டு எழும்பினார். "ஒரு குறையும் இல்லாமல் முடிஞ்சுது" என்று சொல்லிப் படியில் கால் வைத்தார். அவர்கள் ஓட்டோவில் போனார்கள். வீட்டு வாசலில் வைத்தே அக்கா எனக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். டியூஷன் பிள்ளைகள் எடுத்த வீடியோ நான் தலை துவட்டும் முன் டுபாய் போய், அத்தான் வழியாக யாழ்ப்பாணம் வந்து, அம்மா அக்காவின் போனுக்கு எடுத்து, "தம்பி, உனக்குக் கால்வாய்க்குள்ளயோ வேலை குடுத்திருக்கினம்?" என்று அழுதார்.

அடுத்த நாள் எலிக் காய்ச்சல் பயத்தில் டொக்டரிடம் போனேன். "சேற்றுத் தண்ணிக்குள்ள நிண்டனீரோ? வயல் வேலையோ?" என்று கேட்டார்.

"இல்லை டொக்டர். பொம்பிளை பாக்கப் போனனான்."

அவர் 'வயல் வேலை' என்று எழுதியிருந்ததை வெட்டினார். பிறகு குளிசை எழுதித் தந்தார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து மூன்று நாள் சத்தமில்லை. அந்த மூன்று நாளும் பின்பக்க ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். நாலாம் நாள் தரகர் போன் எடுத்தார். அவர்களுக்குச் சம்மதம். மாமி சொன்ன காரணம், நல்ல நேரத்தில் புறப்பட்ட காரியம் பிழைக்காது. தகப்பன் சொன்ன காரணம், பெடியன் பிடித்த படகை விடவில்லை. தாரணி காரணம் எதுவும் சொல்லவில்லை. கலியாணமாகி ஒரு வருஷத்துக்குப் பிறகுதான் சொன்னாள்: "கயிறு வந்தது. நீங்கள் வேண்டாமெண்டியள்."

இப்போது எங்கள் வீட்டில் நான் எதற்காவது பதறினால் ஒரே மருந்துதான். வேலை போய்விடும் போலிருந்த வருஷத்தில் சொன்னாள், "எழும்பி நில்லுங்கோ, இடுப்பளவுதான்." மகள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி நடையில் தலை சுற்றி நான் நிலத்தில் குந்திவிட்டேன். தள்ளுவண்டியில் உள்ளே போய்க்கொண்டிருந்தவள் வலிக்கு நடுவில் தலையைத் திருப்பி, "எழும்பி நில்லுங்கோ" என்றாள். எழும்பி நின்றேன்.

அந்த மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. போன கிழமை பள்ளிக்கூடத்தில் 'எனது அப்பா' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதியதைத் திருத்த அக்காவிடம் கொண்டு போனாள். அக்கா சிவப்புப் பேனாவோடு வாசித்தவள், ஒரு வசனத்தின் கீழ் கோடு போட்டு என்னிடம் நீட்டினாள். 'எனது அப்பாவின் பொழுதுபோக்கு கால்வாயில் நிற்பது.'

"இதென்ன அக்கா, இதைத் திருத்து" என்றேன்.

"ஏன் திருத்துறது?" என்றாள் அக்கா. "நான் எழுதினதுதான் பொய். பிள்ளை உண்மையைத்தானே எழுதியிருக்குது."

பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டுக் கொடுத்தாள்.